மணிக்கூண்டுக்குத் தாய்மாமன்

இலுப்பங்கோட்டை மணிக்கூண்டுக்குக் காது முளைத்த அன்று காலையில் நகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்தது. ஊர் முதலில் ஆச்சரியப்பட்டது தண்ணீரைப் பார்த்துத்தான். குடங்கள் நிறைந்து, குழாயடிச் சண்டைகள் ஓய்ந்து, இடுப்பில் குடத்தோடு திடலைக் கடந்த பூக்காரி செல்லக்கிளிதான் தற்செயலாக நிமிர்ந்து, மணிக்கூண்டின் தெற்குச் சுவரில், கடிகாரத்துக்கு வெகு கீழே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, அரிசி புடைக்கிற சுளகு அகலத்தில் ஒரு காது இருப்பதைக் கண்டாள்.

"ஏ இசக்கி, இங்க ஒரு காதுல்லா முளைச்சிருக்கு," என்று எதிர்வரிசையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவனிடம் சொன்னாள்.

இசக்கி எட்டிப் பார்த்தான். "வலது காது," என்றான். அதற்குள் பால் பொங்கிவிட்டது.

மதியத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. சுண்ணாம்புச் சுவரின் அதே பழுப்பு நிறம்தான், ஆனால் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. மடல் நெளிநெளியாகவும், கீழே தொங்கும் சோணை மட்டும் பால்குடிப் பிள்ளைக்கு இருப்பதுபோலக் கொழுகொழுவென்றும் இருந்தது. ஏன் முளைத்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் இசக்கி அதை முதல் நாளே தீர்த்துவைத்துவிட்டான். "கருத்துக் கேக்கப் போறோம்னு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினானுவல்லா? கேக்கதுக்குக் காது வேணும். அவனுவளுக்கு இருந்தா அவனுவளுக்கே முளைச்சிருக்கும். இல்லன்ன உடனே கூண்டுக்கு முளைச்சிட்டு."

அவன் சொன்ன நோட்டீஸ் மணிக்கூண்டிலும் ஒட்டியிருந்தது. நகர மையத்தில் கலை, பண்பாடு, சுற்றுலா ஆகியவற்றை மேம்படுத்துவது குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், அனைவரும் வருக என்று அதில் இருந்தது. அதை எழுத்துக்கு எழுத்து படித்து, கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் விடாமல் படித்து, பிறகு காறித் துப்பியவள் சுடலைவடிவு.

வடிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீடி சுற்றுகிற பெண்களுக்குச் சங்கம் கட்டியவள். பள்ளிக்கூடம் போனதில்லை, பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகத் துண்டறிக்கை ஒட்டப் போய், ஒட்டியதையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்துப் படித்தவள். ஊர்ப் பிள்ளைகள் அ-வுக்கு அணில் என்று படித்த வயதில் அவள் அ-வுக்கு அநீதி என்று படித்தாள். போலீஸ் தடி முறித்த இடது மணிக்கட்டு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது, அதை அவள் வளையல் போடாமல் வெளியே தெரிய வைத்திருப்பாள். மணிக்கூண்டுத் திடலில் ஒரு முக்காலியைப் போட்டு, தகரத்தில் அடித்த புனல் ஒன்றை வாயில் வைத்து அவள் பேச ஆரம்பித்தது கல்யாணத்துக்கு முன்னால். இப்போது அவளுடைய பேத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தத் திடலில் யாரும் முக்காலி போடலாம், யாரும் பேசலாம். கட்சிக்காரன், மூலிகை விற்கிறவன், பெண்டாட்டி அடித்துத் துரத்தியவன் என்று எல்லாரும் பேசிய இடம் அது. வடிவுக்கு ஊரில் சொந்தமாக வீடு கிடையாது, அந்த முக்காலி போடுகிற இடம்தான் உண்டு.

இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் நிவேதன், நல்ல பையன்தான், வெயிலில் முகம் சிவந்துபோய், நகராட்சி வாசலில் திரை கட்டித் தன் திட்டத்தைப் படம் படமாகக் காட்டினான். திடலின் நடுவில் பாட்டுக்கு ஆடும் நீரூற்று, இதய வடிவத்தில் செல்ஃபி எடுக்க ஒரு வளையம், சுற்றிலும் எஃகு வேலி, வாசலில் டிக்கெட். பொதுக்கூட்டங்களுக்கு ஊருக்கு வெளியே, பழைய இறைச்சிக் கூடத்துக்குப் பின்னால், அருமையான மாற்று இடம். "இது ஒரு அனுபவமா இருக்கும்," என்று அவன் ஒவ்வொரு படத்துக்கும் சொன்னான். படத்தில் நிறைய மனிதர்கள் உலாவிக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் ஷூ போட்டிருந்தார்கள். அதில் நம்மவர் ஒருவர்கூட இல்லை.

"கூட்டம் நடக்கட்டும்," என்றாள் வடிவு. "நான் பாத்துக்கிடுதேன்."

அவள் பார்த்துக்கொள்ளும் விதம் ஊருக்குத் தெரியும். எந்தக் கருத்துக் கேட்புக் கூட்டமானாலும் முதல் வரிசையில் உட்காருவாள். நகர்மன்றத் தலைவர் வரவேற்றுப் பேசியதும் எழுந்து, "எதிர்க்கிறோம்!" என்று ஒரே சொல்லில் மண்டபத்தை அதிரவைப்பாள். பிறகு வெளிநடப்பு. அவள் பின்னால் பாதி ஊர் நடக்கும். சாலையைக் கடந்து இசக்கி கடைக்குப் போனால் டீ தயாராக இருக்கும், வடை இருக்கும், தலைவரின் முகம் போன போக்கை ஆளுக்கு ஆள் நடித்துக் காட்டி ஒரே சிரிப்பாக இருக்கும். அந்த நேரத்தில்தான் உள்ளே கை தூக்கச் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்கள் கான்ட்ராக்டர்களும் அவர்களுடைய மைத்துனர்களும் மட்டும் என்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். சந்தை ஊருக்கு வெளியே போனது அப்படித்தான், பேருந்து நிலையம் போனதும் அப்படித்தான், குளத்தில் பாதி வணிக வளாகமாக மாறியதும் அப்படித்தான். இந்தக் கணக்கு இலுப்பங்கோட்டையில் ஒருவருக்கும் உறைத்ததில்லை. வெளிநடப்பு அவ்வளவு ருசியாக இருந்தது.

இதற்கிடையில் காது வளர்ந்துகொண்டே போனது. சுளகாக இருந்தது கட்டைவண்டிச் சக்கரம் அளவுக்கு வந்தது. நகராட்சிப் பொறியாளர் வந்து டேப்பை வைத்து அளந்து, அனுமதியின்றிக் கட்டப்பட்ட நீட்சி, உடனே அகற்றுக என்று அதன் அடியிலேயே ஓர் அறிவிப்பு ஒட்டினார். ஒட்டி முடித்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன்னை ஏழாவது முறையாக மாற்றப்போகிறார்கள் என்பதையும் மனைவி இந்த முறை கூட வரமாட்டேன் என்றதையும் அதனிடம் மெல்லச் சொன்னார். காது அவர் பக்கம் லேசாகச் சாய்ந்தது. மறுநாள் அவரே வந்து அறிவிப்பைக் கிழித்தார்.

அதன் பிறகு வரிசை கட்டாத நாளில்லை. மருமகனைப் பற்றிப் பேச வந்தார்கள், மாமியாரைப் பற்றிப் பேச வந்தார்கள், பத்தாம் வகுப்பில் கணக்கு வராத பிள்ளைகள் வந்தார்கள், பெரியவீட்டு ஆட்கள் காருக்குள் இருந்தபடியே பேசப் பார்த்து அது கேட்காததால் இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். காது பதில் சொன்னதில்லை, யோசனை சொன்னதில்லை, ஆறுதல்கூடச் சொன்னதில்லை. கேட்டது. மனசில் இருந்து வருகிற பேச்சானால் பேசுகிறவர் பக்கம் சாயும். எழுதிவைத்து ஒப்பிக்கிற பேச்சானால் ஈயை விரட்டும் மாட்டின் காதுபோல ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். அதற்கு நோகுமே என்று ஆட்டோக்காரர்கள் திடலைச் சுற்றி ஹாரன் அடிப்பதை விட்டார்கள். மணிக்கூண்டின் மணி நாக்கில் செல்லக்கிளி தன் பழைய சேலையைச் சுற்றிவிட்டதால் நேரம் பூப்போல அடித்தது. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் போகாமல் இருக்க லாரிக்காரர் ஒருவர் தார்ப்பாய் கொடுத்தார். காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "நம்ம ஊர்ல இவ்வளவு சுத்தமான காதை நான் பார்த்ததில்ல," என்றார். தூத்துக்குடியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் தாங்களாகவே வந்து திடலில் பாடினார்கள், காது தாளத்துக்கு ஆடுவதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. கலை, பண்பாடு, சுற்றுலா எல்லாம் வந்துவிட்டது. கருத்து மட்டும்தான் இன்னும் கேட்கப்படவில்லை.

வடிவு ஒருத்திதான் காதின் பக்கம் போகவில்லை. இசக்கி கடையில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தாள்.

"எக்கா, ஊரே பேசிட்டு. நீ ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்றான் இசக்கி.

"தொண்டைத்தண்ணி வத்த அந்தக் கூண்டடியில நின்னு கத்தினப்ப எங்கல போச்சு அந்தக் காது? அம்புட்டும் கல்லு மேல பட்டுத் தெறிச்சுதே. இப்ப மாமியா கதை கேக்க முளைச்சிருக்கோ? நான் பகுத்தறிவுக்காரி. கல்லுகிட்டப் பேச மாட்டேன்."

"கல்லு மாரி இல்லக்கா, சூடா இருக்கு."

"உன் டீதான் சூடா இல்ல. அதைப் பாரு."

ஆனால் உண்மையில் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. வாழ்நாள் முழுவதும் கதவைத் தட்டியவள் களைத்துப்போய் உட்கார்ந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து, எல்லாரையும் உள்ளே விடுவதுபோல இருந்தது.

காதின் புகழைப் பார்த்த நிவேதன் திட்டத்தைத் திருத்தினான். நீரூற்று போனது, செல்ஃபி வளையமும் போனது. அதற்குப் பதிலாகக் காதைச் சுற்றிக் கண்ணாடி அறை, குளிர்சாதனம், ஐந்து மொழிகளில் அதன் வரலாறு, கிட்டே நெருங்காமல் பார்க்க நடைபாதை. வேலியும் டிக்கெட்டும் அப்படியே இருந்தன. இறைச்சிக் கூடத்துக்குப் பின்னால் இருந்த மாற்று இடமும் அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் செல்லக்கிளி ஒருநாள் காதுக்குச் சாமந்திச் சரம் சாத்திவிட்டு, "இம்புட்டு வளந்த புள்ளைக்கு இன்னும் காது குத்தலியே, மூளியால்லா இருக்கு," என்றாள். அவ்வளவுதான், தெருவெங்கும் அதே பேச்சானது. ஆவுடையப்ப ஆசாரி தாம்பாளம் அளவில் கடுக்கன் செய்து தருவதாகச் சொன்னார். நகர்மன்றத் தலைவர் பாலுச்சாமி இதைக் கேட்டுத் துள்ளினார். கருத்துக் கேட்பும் காதுகுத்தும் ஒரே நாளில், ஒரே பந்தலில், திடலிலேயே என்று அறிவித்தார். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும். மடியில் வைக்க முடியாவிட்டாலும் பக்கத்தில் நாற்காலி போட்டு மாமன் உட்கார்ந்தாக வேண்டும். அந்த மாமன் தானே என்றும் அறிவித்தார். பட்டு வேட்டி எடுத்தார். வெள்ளித் தட்டுகளில் சீர் வாங்கினார். ஊர்ச் சுவரெல்லாம் 'மணிக்கூண்டின் தாய்மாமனே!' என்று அவருடைய படம் சிரித்தது.

வடிவு அந்தச் சுவரொட்டிகளையும் விடாமல் படித்தாள். பசை சரியில்லை, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நாளும் வந்தது. பந்தலில் கொட்டுமேளம், ஐஸ் வண்டி, பலூன், பட்டுப்பாவாடைகள், தொலைக்காட்சிக்காரர்கள். மேடையில் ஆணையர், நிவேதன், பட்டு வேட்டியில் தலைவர். முதல் வரிசையில் வடிவு, மடியில் பழைய தகரப் புனல். தலைவர் எழுந்து தாளைப் பிரித்து, "தொன்மையும் வளமையும் மிக்க இந்நகரின்..." என்று ஆரம்பித்ததும் காது சிலிர்த்தது. அவர் இரண்டாவது பக்கத்தைத் திருப்பியபோது அது மெல்ல மடங்கத் தொடங்கி, மூன்றாவது பக்கத்தில் தொட்டாற்சிணுங்கி இலைபோல மூடிக்கொண்டுவிட்டது.

"தூக்கம் வந்திருக்கும், வெயில்லா," என்று தலைவர் சமாளித்து, நாற்காலியில் போய் உட்கார்ந்து, "ஆசாரி, நீங்க வாங்க," என்றார்.

ஆசாரி ஊசியோடு வந்து நின்றார். சோணை எங்கே என்றே தெரியவில்லை. "மாமன் ஒத்துவரல தலைவரே," என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதும் பந்தல் கொல்லென்று சிரித்தது. நகைக்கடை முதலாளி அந்த மாமன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். காது அசையவில்லை. ஆணையர் உட்கார்ந்தார், எழுந்தார். நிவேதன்கூட வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்து, "ஹலோ," என்றான். அதற்கு மட்டும் ஓரம் கொஞ்சம் துடித்தது, பிறகு அதுவும் இல்லை.

"சரி, காது முழிக்கிறதுக்குள்ள தீர்மானத்தை முடிச்சுருவோம்," என்றார் தலைவர். "கண்ணாடி அறைத் திட்டம் பத்தி பொதுமக்கள் கருத்து ஏதாவது..."

வடிவு எழுந்தாள். "எதிர்க்கிறோம்!"

பந்தல் துணி படபடத்தது. அவள் திரும்பி நடந்தாள். பின்னால் பாதி ஊர் எழுந்தது. சாலையின் எதிர்ப்பக்கத்தில் இசக்கி, பழக்கத்தில், டீயை டம்ளரில் ஊற்றிவிட்டான். அவள் பந்தலின் விளிம்புக்கு வந்திருந்தாள், அப்போதுதான் மேளக்காரன் கத்தினான்.

"எக்கா, நில்லு! அது உன்னப் பாக்குது!"

காது திறந்திருந்தது. திறந்தது மட்டுமல்ல, அவள் போகிற திசைக்கு மொத்தமாகத் திரும்பி, கூண்டின் காரை உதிர உதிர எட்டிக்கொண்டிருந்தது. வடிவு நின்றாள், அதுவும் நின்றது. இடது பக்கம் இரண்டடி வைத்தாள், அதுவும் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் இன்னும் ஒரு எட்டு வெளியே வைத்தபோது சுவரில் நீளமாக ஒரு விரிசல் ஓடி, சின்னப் பிள்ளைகள் வீலென்று அழுதார்கள்.

"ஏட்டி வடிவு," என்று செல்லக்கிளி நடுப் பந்தலிலிருந்து கத்தினாள், "கூண்டச் சாச்சிராத! நீ எப்பவும் ஒத்த சொல்லு சொல்லிட்டு ஓடிருத. மிச்சத்தக் கேக்க அது எம்புட்டு தூரம்தான் எட்டும்?"

வடிவு சாலையில் ஒரு காலும் பந்தலில் ஒரு காலுமாக நின்றாள். இந்தப் பக்கம் ஆவி பறக்கும் டீ தெரிந்தது. அந்தப் பக்கம் தீர்மானத்துக்குக் கை தூக்கத் தயாராக உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டர்களும் அவர்களுடைய மைத்துனர்களும் தெரிந்தார்கள். இத்தனை வருடமும் முதுகைக் காட்டிக்கொண்டு போனதால், தான் போன பிறகு கூட்டம் எப்படி இருக்கும் என்பதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். சந்தையும் பேருந்து நிலையமும் பாதிக் குளமும் எந்த வழியாகப் போயின என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. முகம் சுண்டிவிட்டது. "நாசமாப் போச்சு," என்று மெல்லச் சொன்னாள். காது அதையும் கேட்டது.

அவள் திரும்பி வந்தாள். இலுப்பங்கோட்டையில் வெளிநடப்பு செய்தவர் யாரும் அதுவரை திரும்பி வந்ததில்லை என்பதால் என்ன செய்வதென்று தெரியாமல் மேளக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிப்பதை வாசித்தார்கள். அவள் நேராகப் போய்த் தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமன் ஆம்பளைல்லா இருக்கணும்," என்று யாரோ பின்னாலிருந்து முனகினார்.

"எவம்ல அவன்?" என்றாள் செல்லக்கிளி. "உன் மவன போலீஸு தூக்கிட்டுப் போனப்ப ஸ்டேஷன் வாசல்ல வந்து உக்காந்தது எந்த ஆம்பள? இந்த ஊர்ப் புள்ளையளுக்கு மாமன் வேல பாத்தது யாரு?" யாரோ ஒரு சிவப்புத் துண்டை எறிந்தார்கள், மேளக்காரன் அதை வடிவின் தலையில் தலைப்பாகையாகக் கட்டிவிட்டான்.

"சீர் எங்க?" என்றார் ஆசாரி, முறை தவறாதவர்.

வடிவு தகரப் புனலைத் தாம்பாளத்தில் வைத்தாள். காது குனிந்து அதை முகர்வதுபோலத் தொட்டது.

"வடிவக்கா, ரொம்ப சந்தோஷம்," என்றார் தலைவர், வியர்வையைத் துடைத்தபடி. "அப்ப ஆசாரி குத்தலாம்லா?"

"இருங்க. மாமன் சம்மதம் இல்லாம எந்த வீட்டுல காது குத்துவாவ? மொதல்ல மாமன்கிட்டக் கேக்கணும்."

"கேக்கோம்க்கா. என்ன வேணும், சொல்லுங்க."

அவள் தலைப்பாகையைச் சரிசெய்தாள். என்ன வேண்டாம் என்பதை அவள் தூக்கத்திலும் சொல்வாள். என்ன வேண்டும் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பந்தல் காத்திருந்தது. பலூன்காரன்கூட ஊதுவதை நிறுத்தினான். சக்கரம் அளவுக் காது அவள் முகத்துக்கு அருகே வந்து, வெதுவெதுவென்று, பொறுமையாக நின்றது. அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை அவள் கோணல் கையால் எடுத்துப் போட்டாள்.

"நிழல் வேணும்," என்றாள், புனல் இல்லாமல், கத்தாமல். "திடலச் சுத்தி வேம்பும் புங்கையும் வையுங்க. வேலி வேண்டா... இல்ல, வேண்டாங்கதச் சொல்லலே. வேணுங்கதச் சொல்லுதேன். தண்ணிக் குழா வேணும், வாரவன் போறவன் குடிக்க. பஜார்ல காலைல வந்து பொழுதடைய நிக்குத பொம்பளையளுக்குக் கக்கூசு வேணும், கதவோட, தாப்பாளோட. பாட்டுக்காரன் வந்தா ஏறிப் பாட ஒரு மேட வேணும். யாரும் வந்து பேச ஒரு முக்காலி வேணும், அது இங்கதான் வேணும், இந்தக் காதுக்குப் பக்கத்துல. இம்புட்டுப் பேரு வேன் புடிச்சு வாரது கண்ணாடிக்குள்ள காதப் பாக்கதுக்கா? பேசதுக்கு வாராவ. நிழலும் தண்ணியும் குடுங்க, ஒதுங்க இடம் குடுங்க, பேச விடுங்க. கலையும் பண்பாடும் நாங்க பாத்துக்கிடுதோம்."

காது அவள் தோளில் சாய்ந்துவிட்டது.

நிவேதன் தன் படங்களைப் பார்த்தான், பந்தலைப் பார்த்தான். "கழிப்பறை என் திட்டத்தில் இல்லவே இல்ல," என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. பேனாவை எடுத்தான்.

"கை தூக்குங்க," என்று தலைவர் வேறு வழியில்லாமல் சொன்னார். டீக்கடைக்குப் போயிருக்க வேண்டிய பாதி ஊர் அன்று உள்ளே இருந்தது. பட்டுப்பாவாடைச் சிறுமிகள் கை தூக்கினார்கள், மேளக்காரர்கள் தூக்கினார்கள், பொறியாளர் இரண்டு கைகளையும் தூக்கினார், மைத்துனர்களில் சிலர் பெண்டாட்டிகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். வடிவு தன் இடது கையைத் தூக்கினாள். நிறைய முறை முஷ்டியாக உயர்ந்த கைதான், விரலை விரித்து அன்றுதான் தூக்கினாள்.

ஆசாரி குத்தினார். காது அழவில்லை, ஐஸ் வண்டி முன்னால் நின்ற பிள்ளைகள்தான் அதற்காகச் சேர்ந்து அழுதார்கள். கடுக்கன் வெயிலில் மின்னியது. "இது சடங்கு இல்ல, போராட்டம்," என்று வடிவு தொலைக்காட்சிக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொன்னாள், தலைப்பாகையைக் கழற்றாமல்.

வேம்பு தழைத்தது, குழாயில் தண்ணீர் பெரும்பாலும் வந்தது, கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் வந்தது. பிறகு குளத்தின் மிச்சப் பாதியைப் பற்றி அடுத்த கருத்துக் கேட்பு வந்தது, அதே திடலில். தலைவர் வரவேற்றுப் பேசினார், இம்முறை தாள் இல்லாமல். வடிவு எழுந்து, "எதிர்க்கிறோம்!" என்றாள். வேம்பிலிருந்த காக்கைகள் பறந்தன. எதிரே இசக்கி டம்ளரைக் கழுவி டீயை ஊற்றி வைத்தான்.

அவள் நடக்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"ஏல இசக்கி," என்று சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள், "டீய இங்க கொண்டாடே. நேரம் ஆகும்."

கடுக்கன் போட்ட காது அவள் பக்கம் திரும்பி, வாகாகச் சாய்ந்துகொண்டது.